ஒரே அறைக்கு நெருப்பு

என் மகன் வீட்டில் அறைகள் பல. ஏர்கான் ஓடுவது ஒன்றில்தான். கரண்டு பில் ஏறிப்போன நாளிலிருந்து இரவுச் சாப்பாடு முடிந்ததும் நாங்கள் எல்லாரும் பாயையும் தலையணையையும் தூக்கிக்கொண்டு அந்த ஓர் அறைக்கு வந்துவிடுகிறோம். மருமகள் பழைய துண்டு ஒன்றைச் சுருட்டிக் கதவுக்கு அடியில் செருகி வைப்பாள், குளிர்ச்சி வெளியே ஓடிவிடாமல் இருக்க. எங்கள் புந்தோங் பக்கம் என் வயதுக்காரர்கள் பலருடைய வீட்டிலும் இதே கூத்துதான் என்று தெரியும். கோயிலில் உட்கார்ந்து பேசும்போது சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறோம்.

ஆனால் அந்தத் துண்டைப் பார்க்கும்போது மட்டும் எனக்குச் சிரிப்பு வருவதில்லை. சூடு வெளியே போய்விடக் கூடாது என்பதற்காக ஒரு பெண் அப்படித் துணி சுருட்டி வைத்ததை நான் பார்த்திருக்கிறேன். வேறு தேசத்தில் அல்ல, இதே மலேசியாவில், இதே பேராக்கில். வேர்வையும் கொசுவும் தவிர வேறொன்றும் தெரியாமல் வளர்ந்த உங்களிடம் இதைச் சொன்னால் நம்புவீர்களோ மாட்டீர்களோ. எனக்கே சில நாள் சந்தேகம் வரும். ஆனாலும் அந்த நெருப்பின் வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது. அது பொய்யாக இருக்க முடியாது.

அப்போது எனக்கு ஏழு வயது இருக்கும். சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் அப்பா துரை பங்களாவில் சமையற்காரர். அம்மா பால்மரம் வெட்டப் போவாள். தம்பி கைக்குழந்தை, தவழ ஆரம்பித்திருந்தான். ஈப்போவில் ஆறு தெருவுக்குள் வந்த வருஷம் என்று பிற்பாடு எல்லாரும் சொன்னார்களே, அந்த வருஷம்தான். ஆனால் நான் சொல்வது அந்த வெள்ளத்துக்குச் சற்று முன்னால் தொடங்குகிறது.

துரைசானிக்கு மலேரியா. வந்து வந்து போய்க்கொண்டிருந்தது. அதற்கு முந்தின வருஷம் அவருக்குப் பிறந்த குழந்தை பிறந்த கையோடு போய்விட்டது. ஆள் துணி காயப்போடும் கம்புபோல ஆகிவிட்டார். டாக்டர் வந்து பார்த்து, மலைக்காற்று வேண்டும், தைப்பிங் மலைக்குக் கொண்டுபோங்கள் என்று சொல்லிவிட்டார். அங்கே ஒரு கம்பெனிக்குச் சொந்தமான பங்களா இருந்தது. துரை தோட்டத்தை விட்டு வர முடியாது. எனவே துரைசானியோடு சமைக்க அப்பாவும், கூடமாட இருக்க அம்மாவும். எங்கள் இருவரையும் விட்டுவர ஆளில்லாததால் நாங்களும்.

மலைப்பாதையில் துரைசானியை நாற்காலியில் உட்காரவைத்து நான்கு பேர் தூக்கினார்கள். சாமான்கள் மட்டக்குதிரை மேல் போயின. நாங்கள் நடந்தோம். வழிநெடுக வளைவு, வளைவுக்குப் பிறகு இன்னொரு வளைவு. முதலில் உடம்பெல்லாம் வேர்வை. பிறகு எந்த இடத்தில் என்று தெரியவில்லை, வேர்வை காய்ந்துபோய் முதுகு சில்லிட்டது. அம்மா நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"யாருடி தண்ணி தெளிக்கிறா?"

யாரும் தெளிக்கவில்லை. மேகத்துக்குள் நடந்துகொண்டிருந்தோம். முன்னால் போன நாற்காலி வெள்ளையாக மங்கி, பிறகு காணாமலே போயிற்று. தூக்குகிறவர்களின் குரல் மட்டும் கேட்டது. மேகம் என்றால் மேலே இருப்பது, பார்ப்பதற்கு உள்ளது என்று நினைத்திருந்தேன். அது என் புருவத்தில் முத்து முத்தாக நின்றது. கையை நீட்டினேன். என் விரல்கள் எனக்கே தெரியவில்லை. பயம் வரவில்லை. சாமி இருக்கும் இடத்துக்கு வந்துவிட்டோம் என்றுதான் தோன்றியது.

அந்த பங்களாவில் ஒவ்வோர் அறையிலும் சுவருக்குள் ஓர் அடுப்பு இருந்தது. குளிர்காய்கிற அடுப்பு, படித்தவர்கள் கணப்பு என்பார்கள். நாங்கள் சுவர் அடுப்பு என்றே சொன்னோம். அப்பா உள்ளே தலையை விட்டு மேலே பார்த்துவிட்டு, "ஏ, வானம் தெரியுது!" என்று கத்தினார். நானும் தலையை விட்டேன். கரிபிடித்த இருட்டுக் குழாயின் உச்சியில், ஒரு சின்னத் துண்டு வானம். வீட்டுக்குள் நின்றுகொண்டு, கூரையைத் தாண்டி வானத்தைப் பார்த்தேன். கழுத்து வலிக்கும்வரை பார்த்தேன்.

அன்று மாலை துரைசானியின் அறையில் நெருப்பு மூட்டினார்கள். கடலோரச் சதுப்பில் வெட்டிய பாக்காவ் கட்டை. கனமான சிவந்த கட்டை. அது சுடர்விட்டு எரியும்போது அறையின் நிறமே மாறியது. சுவர், திரைச்சீலை, துரைசானியின் வெளுத்த முகம் எல்லாம் மஞ்சளாயின. அம்மா வாசலில் நின்று வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மேல ஒரு சட்டிகூட வெக்கல. சும்மா எரியுது பாரேன்," என்றாள் அப்பாவிடம் மெதுவாக. சோறு பொங்காத நெருப்பை அவள் அதுவரை பார்த்ததில்லை.

மறுநாள்தான் துரைசானி சாவிக்கொத்தை எடுத்தார். சாப்பாட்டு அறையைப் பூட்டினார். துரை வந்தால் தங்குகிற அறையைப் பூட்டினார். நடையின் கோடியில் இருந்த சின்ன அறையைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. கைப்பிடியை ஒருமுறை அசைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டார். பிறகு தம் அறைக் கதவின் அடியில் பழைய துணியைச் சுருட்டி வைத்தார். ஜன்னல்மேல் கம்பளி ஒன்றைத் தொங்கவிட்டார். வேறு எந்த அறையிலும் நெருப்பு மூட்டக் கூடாது என்று அப்பாவிடம் சொல்லிவிட்டார்.

அம்மாவுக்கு முகம் கறுத்துவிட்டது.

"நாம எதையாச்சும் தூக்கிட்டுப் போயிருவோம்னு பூட்டுறா."

"வாய மூடிட்டு இரு," என்றார் அப்பா. ஆனால் அவருக்கும் அதே நினைப்புதான்.

விறகு சுமந்து வருகிறவர் ஒருவர் இருந்தார். செமோர் ஊர்க்காரர், வேதக்காரர், கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சிலுவை தொங்கும். கட்டையை முதுகில் கட்டிக்கொண்டு அடிவாரத்திலிருந்து ஏறி வருவார். கட்டையை இறக்கியதும் அம்மாவிடம் கடுங்காப்பி வாங்கிக் குடித்துக்கொண்டு பேசுவார்.

"முன்னாடி வந்த வெள்ளக்காரங்கள்லாம் எல்லா ரூம்லயும் எரிப்பாங்க அக்கா. வீடே விளக்கு மாதிரி இருக்கும். இது கஞ்சத் துரைசானி லா."

அம்மா, அப்பா, அவர் மூவரும் தலையாட்டிக்கொண்டார்கள். கஞ்சம், சந்தேகப் பிராணி. இந்த இரண்டுக்குள் துரைசானியை அடக்கிவிட்டார்கள். எனக்கு மட்டும் ஒரு காட்சி நினைவிருக்கிறது. விறகுக்காரர் சுமையை இறக்கியபோது சட்டை விலகித் தோள் தெரிந்தது. கயிறு அழுத்தி அழுத்தித் தோல் உரிந்து சிவந்திருந்தது. ஜன்னலில் நின்று துரைசானி அந்தத் தோளையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து ஒரு கட்டை எரிந்து தணலாகும்வரை அடுத்த கட்டையை வைக்கவிட மாட்டார். பெரியவர்கள் யாரும் இதைக் கவனிக்கவில்லை. கவனித்த எனக்கும் அதைச் சேர்த்துப் பார்க்கத் தெரியவில்லை.

எங்கள் இருப்பிடம் பங்களாவுக்குப் பின்னால். ஒரு சின்னக் கூரைநடையில் போனால் சமையற்கட்டு, அதை ஒட்டிப் பலகைச் சுவர் வைத்த ஓர் அறை. பலகைகளுக்கு நடுவில் என் சுண்டுவிரல் நுழையும். அந்த இடுக்கு வழியே மேகம் உள்ளே வந்து படுத்துக்கொள்ளும். ஒரு காலையில் வாயைத் திறந்தேன், புகை வந்தது. வயிற்றுக்குள் தீப்பிடித்துவிட்டது என்று அலறிக்கொண்டு சமையற்கட்டுக்கு ஓடினேன். "என்னடி?" என்று கேட்ட அம்மாவின் வாயிலிருந்தும் புகை வந்தது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்து ஊதிக்கொண்டே நின்றோம். அப்பா வந்து எங்களைப் பைத்தியம் என்றார். அதைச் சொன்னபோது அவர் வாயிலும் புகை.

என் பற்கள் என்னைக் கேட்காமலே ஒன்றோடொன்று மோதும். நிறுத்தப் பார்ப்பேன், நிற்காது. என் உடம்பில் எனக்குக் கட்டுப்படாத ஒன்று இருக்கிறது என்பதை அங்கேதான் தெரிந்துகொண்டேன்.

பிறகு மழை. நம் ஊர் மழை தெரியுமே, கொட்டும், நிற்கும், வெயில் வரும். இது நிற்கவில்லை. பகலும் இரவும் ஒரே சாம்பல் நிறம். துணி காயவில்லை. உப்பு தண்ணீராகிவிட்டது. தீப்பெட்டியை அப்பா இடுப்பில் கட்டி வைத்துக்கொண்டார்.

செமோர்க்காரர் கடைசியாக வந்தபோது முழங்கால்வரை சேறு. காப்பியைக்கூட வாங்கிக் குடிக்கவில்லை.

"கீழ மண்ணு சரியுது அக்கா. இப்பவே எறங்கலேனா மாட்டிக்குவேன். மழ விட்டதும் வாரேன். விறகப் பாத்து எரிங்க."

அவர் போன பிறகு, அன்றைக்கா மறுநாளா தெரியவில்லை, மலை உறுமியது. யானை பிளிறுவதுபோல் தொடங்கி, தரையெல்லாம் நடுங்கி, மரங்கள் முறியும் சத்தத்தோடு எங்கோ கீழே போய் முடிந்தது. அப்பா பாதைவரை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "பாதையே இல்ல," என்றார். "மலைய யாரோ கடிச்சித் தின்ன மாரி இருக்கு."

தம்பிக்கு இருமல் வந்தது அந்த நாட்களில்தான். முதலில் சளி, பிறகு நாய் குரைப்பதுபோல் ஓர் இருமல். இருமி முடித்து மூச்சை இழுக்கும்போது விசில் அடிப்பதுபோல் கேட்கும். அம்மா அவனை மார்போடு அணைத்துத் தன் சேலையால் வாயை லேசாகப் பொத்துவாள், சத்தம் வெளியே கேட்காதபடி. தோட்டத்தில் முன்பிருந்த ஆயா ஒருத்தியின் பிள்ளைக்கு இருமல் என்று தெரிந்ததும் அந்த மாதமே அவளை நிறுத்திவிட்டார்களாம். நோயில் கிடக்கிற வெள்ளைக்காரிக்குப் பக்கத்தில் இருமுகிற பிள்ளையை யார் வைத்திருப்பார்கள்?

"துரைசானி கேட்டா தம்பி தூங்குறான்னு சொல்லு," என்று எனக்குச் சொல்லி வைத்திருந்தாள்.

துரைசானி கேட்டார். ஒரு பிற்பகல், நான் பால் கொண்டுபோனபோது. அவருக்குத் தோட்டத்தில் பேசிப் பழகிய தமிழ் உண்டு.

"பிள்ளை எங்கே? சத்தம் இல்லை."

"தூங்குறான்."

நான் சொல்லி வாயை மூடவில்லை, மழைச் சத்தத்தைக் கிழித்துக்கொண்டு அந்தக் குரைப்பு வந்தது. துரைசானியின் கையில் இருந்த கோப்பை அப்படியே நின்றது. எழுந்தார். சால்வையைக்கூடப் போட்டுக்கொள்ளாமல் கூரைநடை வழியே வேகமாக நடந்தார். அவர் அவ்வளவு வேகமாக நடப்பார் என்று எனக்குத் தெரியாது. எங்கள் அறைக்குள் அதுவரை அவர் வந்ததே இல்லை. உள்ளே வந்ததும் முதலில் சுவரைத்தான் பார்த்தார். பலகையில் உள்ளங்கையை வைத்தார். எடுத்தபோது கை ஈரமாக இருந்தது. பிறகு தம்பியைப் பார்த்தார்.

அம்மா எழுந்து நின்றாள்.

"ஒண்ணும் இல்லிங்க துரைசானி. சும்மா சளிதான். எங்கள அனுப்பிறாதீங்க..."

"கொடு," என்றார் துரைசானி.

தம்பியை வாங்கிக்கொண்டு நடந்தார். அம்மா பின்னாலேயே ஓடினாள். அவள் பின்னால் நான். சமையற்கட்டிலிருந்து அப்பாவும் வந்தார். துரைசானியின் அறைக்குள் அம்மாவும் நானும் போய்விட்டோம். அப்பா வாசற்படியிலேயே நின்றார். உள்ளே வருவதா, வெளியே நிற்பதா? துரைசானி படுக்கிற அறை அது. ஒரு கால் எடுத்தார், வைத்தார். திறந்த கதவு வழியே குளிர்காற்று உள்ளே புகுந்து நெருப்பை அலைத்தது.

"கதவு மூடு! சூடு போகுது!" என்று துரைசானி ஒரு சத்தம் போட்டார்.

அப்பா பதறிப்போய் உள்ளே வந்து கதவை மூடினார். அவ்வளவுதான். நாங்கள் எல்லாரும் உள்ளே இருந்தோம்.

"இங்கே இரு. எல்லாரும். விறகு கொஞ்சம். ஒரு நெருப்பு போதும்," என்றார் துரைசானி.

அன்றிலிருந்து சமையலும் அங்கேதான். அப்பா இரும்புச் சட்டியைக் கணப்பில் வைத்துக் கஞ்சி காய்ச்சினார். அம்மா அதைப் பார்த்து முதல் தடவையாகச் சிரித்தாள். துரைசானி தரையில் கம்பளியைப் போட்டு எங்களோடு உட்கார்ந்தார். கஞ்சியைக் கரண்டியால் குடித்தார். வெளியே உலகம் முழுவதும் கரைந்துபோய் இந்த ஓர் அறை மட்டும் மேகத்தில் மிதந்துகொண்டிருக்கிறது என்று நான் நினைத்தேன். சாமி கதைகளில் வருகிற தோணிபோல. நெருப்பு சடசடக்கும், பொறி ஒன்று மேலே ஏறி, நான் பார்த்த அந்தத் துண்டு வானத்தை நோக்கிப் போகும். எங்கே போய் அணையும் என்று யோசித்துக்கொண்டே இருப்பேன்.

ஒரு நாள் அம்மா துணிந்து கேட்டுவிட்டாள்.

"ஏன் துரைசானி, அந்த ரூமெல்லாம் எதுக்குப் பூட்டுனீங்க?"

துரைசானிக்குக் கேள்வி முதலில் புரியவில்லை. புரிந்ததும் எல்லாவற்றையும் கையைக் காட்டிக் காட்டிச் சொன்னார்.

"எங்க ஊரு ரொம்பக் குளிர். அப்பா செத்துப் போச்சு. அம்மா துணி தைச்சது. கரி வாங்க காசு இல்லை. ஒரு அறை நெருப்பு. மத்த அறை பூட்டு. எல்லாரும் ஒரு அறை. சாப்பாடு, தூக்கம், தையல், எல்லாம்." பிறகு கொஞ்சம் யோசித்து, "இப்போ ரப்பர் விலை இல்லை. துரைக்கு சம்பளம் கம்மி. விறகு துரை காசு," என்றார்.

அம்மா கன்னத்தில் கையை வைத்துக்கொண்டாள். "வெள்ளக்காரங்க வீட்லயும் அப்படியா!"

தோட்டத்து லயத்தில் எங்களுக்கு இருந்ததே ஓர் அறைதான். அதில்தான் சாப்பாடு, தூக்கம் எல்லாம். துரைசானி ஏதோ பெரிய கஷ்டத்தைச் சொல்வதுபோல் சொன்னார். அம்மா அதைக் கேட்டு, சொந்தக்காரியைக் கண்டுபிடித்துவிட்டவள்போல் இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தாள். பூட்டைப் பற்றி அதற்குப் பிறகு அவள் பேசவே இல்லை.

விறகு தீர்ந்தது. அப்பா காட்டிலிருந்து கிளைகளை வெட்டி வந்தார். அவை அழுதன, உண்மையாகவே நுனியிலிருந்து நுரையும் தண்ணீரும் வடிந்தன. புகை மட்டும் வந்தது. புகையில் தம்பியின் மூச்சு இன்னும் இழுத்தது. துரைசானி கிளைகளை இடுக்கியால் வெளியே இழுத்துப் போட்டார். பிறகு சாவிக்கொத்தை அப்பாவின் கையில் கொடுத்தார்.

"நாற்காலி வெட்டு."

"கம்பெனி சாமான் துரைசானி. எனக்கு வேல போயிரும்."

"நான் சொல்லும். வெட்டு."

பூட்டிக் கிடந்த சாப்பாட்டு அறையை அப்பா திறந்தபோது கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஒரு குளிர் வந்தது. அந்த அறையில் எங்கள் மூச்சு எல்லாம் புகையாயிற்று. அப்பா நாற்காலிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து உடைத்தார். அவற்றின்மேல் பூசியிருந்த மெருகு நெருப்பில் பட்டதும் பச்சையும் நீலமுமாகச் சுடர் வந்தது. நான் கையைத் தட்டினேன். நாற்காலிக்குள் இப்படி ஒரு நிறம் ஒளிந்திருந்தது யாருக்குத் தெரியும்? நாற்காலிகள் போயின. அலமாரித் தட்டுகள் போயின. துரையின் அறையில் இருந்த சின்ன மேசை போயிற்று. நாங்கள் வாழும் அறைக்கு மற்ற அறைகள் தங்களைக் கொடுத்துக்கொண்டே இருந்தன. பெரிய சாப்பாட்டு மேசை மட்டும் மிச்சம். தேக்கு, சிங்கமுகக் கால்கள். அதைத் தொட அப்பாவுக்குத் துணிச்சல் வரவில்லை. கோடியில் இருந்த சின்ன அறையைத் திறந்து பார்க்கப் போனவர் வெறுங்கையோடு திரும்பி வந்தார். தரையைப் பார்த்தார்.

துரைசானி எழுந்து தாமே போனார். எதையோ இழுக்கும் சத்தம் நடையெங்கும் கேட்டது. வெள்ளை பெயிண்ட் அடித்த ஒரு குழந்தைக் கட்டில். முந்தின வருஷம், பிள்ளை பிறந்ததும் இங்கே வந்து தங்கலாம் என்று துரை முன்கூட்டியே அனுப்பி வைத்ததாம் அது. அதை நெருப்புக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். மூச்சு வாங்கியது அவருக்கு.

"இதை வெட்டு."

அப்பா கோடரியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்போது அம்மா எழுந்தாள். வெள்ளைக்காரர்கள் முன்னால் தலை நிமிராத என் அம்மா. கட்டிலின் விளிம்பில் கையை வைத்தாள்.

"வேணாம்மா. பிள்ள கட்டிலும்மா இது."

துரைசானி என்று அவள் சொல்லவில்லை. அம்மா என்றாள்.

"பிள்ளை இல்லை," என்றார் துரைசானி.

அந்த இரண்டு சொல்லை இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதுபோல் கேட்டதில்லை. அம்மா தம்பியைத் தூக்கி, தன் பழைய சேலையை மடித்துப் போட்டு, அந்தக் கட்டிலில் படுக்கவைத்தாள். அவன் இருமினான். கட்டிலின் மரச்சட்டத்தை எட்டிப் பிடித்துக்கொண்டான். துரைசானி முழங்காலிட்டு, அந்தச் சட்டத்தில் நெற்றியை வைத்து அழுதார். சத்தம் வெளியே வராமல் தோள்கள் மட்டும் குலுங்கின. அம்மா சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் கையை அவர் தலைமேல் வைத்தாள். பால்கறை ஏறிக் கறுத்த கை, மஞ்சள் முடி. நெருப்பு வெளிச்சத்தில் இரண்டும் செம்பு நிறமாக இருந்தன. நான் அசையவில்லை. அசைந்தால் அது கலைந்துவிடும் என்று பயந்தேன்.

அந்த நேரத்தில் சாப்பாட்டு அறையிலிருந்து கோடரிச் சத்தம் கேட்டது. யாரும் சொல்லாமலே அப்பா பெரிய மேசையை வெட்டத் தொடங்கியிருந்தார்.

தேக்கு நன்றாக எரிந்தது. கெண்டியில் தண்ணீர் கொதிக்கவைத்து, துணியைக் கூடாரம்போல் கட்டிலுக்கு மேல் போட்டு, ஆவி உள்ளே போகும்படி துரைசானியும் அம்மாவும் மாறி மாறிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் பேசுவது மற்றவருக்கு முழுதாகப் புரியாது. கை மட்டும் புரிந்து வேலை செய்தது. அந்த அறையில் மழைக்காலமே இல்லை. ஜன்னல் கண்ணாடிக்கு அந்தப் பக்கம்தான் அது இருந்தது. மேசை பாதி எரிந்திருந்தபோது தம்பியின் மூச்சில் விசில் நின்றது. அம்மா காதைக் கொண்டுபோய் அவன் மார்பில் வைத்தாள். துரைசானியைப் பார்த்து வெறுமனே தலையாட்டினாள். அவரும் காதை வைத்துக் கேட்டார். இருவரும் சிரித்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள்.

மழை விட்டது. பாதையை வெட்டிக்கொண்டு ஆட்கள் ஏறி வருகிற சத்தம் கேட்டது. எல்லாருக்கும் முன்னால் துரை வந்தார். தொப்பி இல்லை. இடுப்புவரை சேறு. கதவைத் தள்ளித் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். அவர் மனைவி தரையில் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் என் அம்மா. கட்டிலில் கறுப்பாக ஒரு பிள்ளை தூங்குகிறது. நான் துரைசானியின் கம்பளிக்குள். அப்பா எழுந்து, எரிந்த கட்டைகளுக்கு முன்னால் போய் நின்றார், எதையோ மறைப்பவர்போல. துரையின் பார்வை நடைக்கு அந்தப் பக்கம், திறந்து கிடந்த சாப்பாட்டு அறைக்குப் போனது. வெறும் தரை.

"மேசை எங்கே?" என்று அப்பாவைக் கேட்டார்.

துரைசானிதான் நிமிர்ந்து பார்த்தார்.

"கதவு மூடு. சூடு போகுது," என்றார், துரையிடம், தமிழில்.

துரை ஒரு கணம் திகைத்தார். பிறகு உள்ளே வந்து கதவை மூடினார். அவருடைய பற்களும் அடித்துக்கொண்டிருந்தன. என் பற்களைப் போலவே, அவரைக் கேட்காமல். அதைப் பார்த்தபோது எனக்கு உண்டான வியப்பு கொஞ்சநஞ்சமல்ல. அப்பா சற்றே நகர்ந்து இடம் விட்டார். துரை தரையில் உட்கார்ந்து மேசைக்கால் எரிவதைப் பார்த்தார். அது கடைசிக் கால். சிங்கமுகம் தணலாக இருந்தது. பிறகு கட்டிலைப் பார்த்தார். ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மனைவியிடம் இங்கிலீஷில் ஏதோ கேட்டார். அவர் ஏதோ சொன்னார். துரை சேற்றுக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அப்பா கடுங்காப்பி ஒன்று கொடுத்தார். அதை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார்.

அப்பாவுக்கு வேலை போகவில்லை. மேசையைக் கரையான் அரித்துவிட்டது என்று துரை கம்பெனிக்குச் சொல்லிவிட்டாராம். மலைமேல் கரையான் ஏது என்று அப்பா சாகும்வரை சொல்லிச் சிரிப்பார். மறுவருஷம் துரைசானி கப்பல் ஏறிப் போனவர் திரும்பி வரவில்லை. ஒரு செய்தியும் இல்லை. தம்பி வளர்ந்து, சுங்கை சிப்புட்டில் வெகுகாலம் லாரி ஓட்டி, பேரன் பேத்தி எடுத்து, போன வருஷம்தான் போய்ச் சேர்ந்தான். சாவு வீட்டில் எல்லாரும் அவன் பெரிய குரலைப் பற்றித்தான் பேசினார்கள். அடுத்த தெருவரை கேட்கும் குரல். நான் மட்டும் அந்த விசிலை நினைத்துக்கொண்டிருந்தேன்.

மலையை விட்டு இறங்கின நாளைச் சொல்லி முடித்துவிடுகிறேன். துரைசானியின் நாற்காலியில் தம்பி அவர் மடியில் இருந்தான். அம்மா நாற்காலிக் கழியில் ஒரு கையை வைத்துக்கொண்டே கூட நடந்தாள். சரிந்த இடத்தில் புதுமண் சிவப்பாகப் பிளந்து கிடந்தது. ஆட்கள் போட்ட பலகைமேல் நடந்தோம். ஒவ்வொரு வளைவிலும் குளிர் கொஞ்சம் கொஞ்சமாக எங்களை விட்டுப் போனது. அடிவாரத்தில் கார் நின்றிருந்தது. வெயில் பளீரென்று அடித்தது. துரைசானி தம்பியை அம்மாவிடம் கொடுத்தார். அவன் காலை ஒருமுறை பிடித்துவிட்டுக் காரில் ஏறிக்கொண்டார்.

எங்களை ஏற்றிக்கொள்ள மாட்டுவண்டி வரவேண்டும். நிழலுக்கு வா என்று அப்பா கூப்பிட்டார். அம்மா வரவில்லை. தம்பியைச் சுற்றியிருந்த துணியையெல்லாம் அவிழ்த்து, அவனை வெயிலில் வெறும் உடம்பாகப் பிடித்துக்கொண்டிருந்தாள். சற்று நேரத்தில் அவன் கழுத்து மடிப்பில் ஒரு துளி வேர்வை அரும்பி, மார்பில் இறங்கி ஓடியது.

"வேத்துருச்சு பாருடி," என்றாள் என்னிடம், மெல்லிய குரலில்.

துடைக்கவில்லை. அது ஓடுவதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.